கொன்றவரே எழுதிய சான்றிதழ்

1998 ஜூன் 24 அன்று, மான்செஸ்டருக்குக் கிழக்கே உள்ள ஹைட் என்ற சிறு நகரத்தில், 81 வயதான கேத்லீன் கிரண்டி முதியோர் சங்கத்தின் மதிய உணவுக்கு வரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து பரிமாற நிற்கும் ஆள். சங்கத்திலிருந்து இருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். வெளியே கிளம்புகிறவர் போல உடுத்தியபடியே சோபாவில் சாய்ந்திருந்தார், உயிர் இல்லை. குடும்ப மருத்துவர் ஹரால்ட் ஷிப்மனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அன்று காலைதான் தான் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்ன மருத்துவர், இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் ‘முதுமை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடக்கமும் நடந்து முடிந்தது.

கிரண்டியின் மகள் வழக்கறிஞர். அம்மாவின் சொத்து விவகாரங்களைப் பார்த்துவந்தவரும் அவரே. சில வாரங்களில் முன்பின் தெரியாத ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது: உங்கள் தாயார் புது உயில் எழுதியிருக்கிறார், சுமார் 3,86,000 பவுண்டு சொத்து முழுவதும் மருத்துவருக்கு. தட்டச்சுப் பிழைகளும் கோணல் வரிகளுமாக இருந்த அந்தத் தாளைப் பார்த்ததுமே மகளுக்குச் சந்தேகம் தட்டியது. எதையும் நேர்த்தியாகச் செய்யும் அம்மா இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். சாட்சிகளைத் தேடிப் போனார். இருவரும் ஷிப்மனின் காத்திருப்பு அறையில் முறைக்காக உட்கார்ந்திருந்த நோயாளிகள். டாக்டர் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார், போட்டோம் என்றார்கள். என்ன தாள் என்று அவர்கள் கேட்கவில்லை.

மகள் போலீசுக்குப் போனார். ஆகஸ்ட் 1 அன்று கல்லறை தோண்டப்பட்டது. உடலில் டையமார்ஃபின் கொடுக்கப்பட்டதற்கான தடயம் கிடைத்தது. ஹெராயினின் மருத்துவப் பெயர் அது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்குக் கொடுப்பது. உயிலை அடித்த பிரதர் தட்டச்சுப் பொறி ஷிப்மனின் மருத்துவமனையில் இருந்தது. கிரண்டி அதை அவ்வப்போது இரவல் வாங்கிப் போவார் என்றார் மருத்துவர். உயில் தாளில் அவருடைய விரல் ரேகையும் இருந்தது. செப்டம்பர் 7 அன்று கைது செய்யப்பட்டார்.

இவ்வளவு மட்டுமென்றால் பணத்தாசை பிடித்த ஒரு டாக்டரின் கதையாக இது முடிந்திருக்கும். பின்னாளில் நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் அமைந்த அரசு விசாரணை ஆணையம், 1971 முதல் 1998 வரை ஷிப்மன் ஏறத்தாழ 250 பேரைக் கொன்றார் என்ற முடிவுக்கு வந்தது. கிரண்டி அந்த வரிசையில் கடைசி. அவரைத் தவிர வேறு எவர் சாவிலும் ஷிப்மன் உயிலைப் போலியாகத் தயாரித்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு தாளை அடிக்காமல் இருந்திருந்தால் அவர் இன்னும் எத்தனை காலம் மருத்துவம் பார்த்திருப்பார் என்று யோசிக்கவே நடுக்கமாக இருக்கிறது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நம்பிக்கைத் துரோகம்’ என்ற சொல் முதலில் வந்து நிற்கும். உண்மைதான். ஆனால் கிழவிகள் ஏமாந்தார்கள், ஊர் ஏமாந்தது என்று சொல்லி நிறுத்திவிட்டால் விஷயத்தின் பாதிகூட நம் கைக்கு வராது. ஷிப்மன்மீது நோயாளிகள் வைத்த நம்பிக்கையைவிட ஆபத்தானது, அவர்மீது சட்டம் வைத்த நம்பிக்கை. ஒருவர் எப்படி இறந்தார் என்று எழுதும் அதிகாரம், அவருக்குக் கடைசியாக ஊசி போட்டவர் கையிலேயே இருந்தது. கொலைகாரரே சாவுக்குக் காரணமும் எழுதித் தரலாம் என்று ஒரு நாடு ஏற்பாடு செய்துவைத்திருந்தது; கொலைகாரர் மருத்துவராக இருப்பார் என்று எவரும் நினைக்கவில்லை என்பதுதான் அதற்கான ஒரே காரணம்.

ஷிப்மன் 1946இல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். 17 வயதில் தாயை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். லீட்ஸில் மருத்துவம் படித்து 1970இல் தேறினார். யார்க்‌ஷயரின் டாட்மார்டன் என்ற ஊரில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்த சில காலத்திலேயே பிடிபட்டார். கொலைக்காக அல்ல, பெத்திடின் என்ற வலிமருந்துக்கு அடிமையாகி, நோயாளிகள் பெயரில் பொய்ச் சீட்டு எழுதித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதற்காக. 1976இல் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் விதித்தது. மறுவாழ்வு சிகிச்சை எடுத்துக்கொண்டார். பொது மருத்துவ கவுன்சில் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. போதை மருந்துகளை அவர் கையாளக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் தடை விதித்திருக்கலாம்; விதிக்கவில்லை. திருந்தி வருபவருக்கு வழிவிடுவது தவறல்ல. ஆனால் அந்தத் தண்டனை எங்கே பதிவானது, அதை யார் பார்க்க முடியும் என்ற கேள்வி 22 ஆண்டு கழித்து உயிர்க் கேள்வியானது.

1977இல் ஹைட் நகருக்கு வந்தார். பருத்தி ஆலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடியபின் அடங்கிப்போன ஊர். 1960களில் குழந்தைகளைக் கொன்ற ஜோடியான பிரேடியும் ஹிண்ட்லியும் பிடிபட்ட ஹாட்டர்ஸ்லி குடியிருப்பு இதன் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பழியையே ஊர் சுமந்துகொண்டிருந்தது. முதலில் பல மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய மையத்தில் இருந்த ஷிப்மன், 1990களின் தொடக்கத்தில் மார்க்கெட் தெருவில் தனியாக மருத்துவமனை தொடங்கினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பதிவுசெய்திருந்தார்கள்; சேரக் காத்திருந்தவர்களும் உண்டு. நம் ஊரில் கைராசிக்காரர் என்போமே, அந்தப் பெயர் அவருக்கு இருந்தது. மற்ற மருத்துவர்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்ட காலத்தில் இவர் கூப்பிடாமலும் வருவார். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1983இல் மனநோயாளிகளின் பராமரிப்பு பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மருத்துவர் என்ற முறையில் கருத்துச் சொல்லியும் இருக்கிறார்.

கொன்ற விதம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே. மதியம் வீட்டுக்குப் போவார். ரத்தம் எடுக்க வேண்டும் என்பார், அல்லது சளிக்கு ஒரு ஊசி என்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நீட்டுவார்கள். டையமார்ஃபின் அதிக அளவில் ரத்தக்குழாயில் ஏறினால் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். போராட்டமோ காயமோ இருக்காது. உடுத்திய உடையோடு, சட்டைக் கையைச் சுருட்டியபடி, தூங்குவது போல நாற்காலியில் இருப்பார்கள்.

மருந்து கிடைத்த வழியும் எளிது. வலியே இல்லாத நோயாளிகள் பெயரில் சீட்டு எழுதி அவரே மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டார். புற்றுநோயில் இறந்தவர்கள் வீட்டில் மிஞ்சிய ஆம்பூல்களை, அழித்துவிடுகிறேன் என்று சொல்லி எடுத்துப் போனார். பழைய தண்டனைக்குப் பிறகு போதை மருந்துகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவந்தவர், அதற்கான பதிவேட்டையும் பராமரிக்கவில்லை. கேட்பாரும் இல்லை.

சில நேரம் உறவினரோ பக்கத்து வீட்டாரோ இருக்கும்போதே ஆள் இறந்துபோவார். அப்போது ஷிப்மன் தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸ் கேட்பார். பிறகு நாடி பார்த்துவிட்டு, ஆள் போய்விட்டார் என்று அழைப்பை ரத்து செய்வார். தொலைபேசி நிறுவனப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்த அழைப்புகள் போகவே இல்லை என்று தெரிந்தது. வெறும் கருவியைக் காதில் வைத்துப் பேசியிருக்கிறார். 1997 மே மாதம் 63 வயதுப் பெண் ஒருவரை மருத்துவமனையிலேயே கொன்றுவிட்டு, உடலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அடுத்த நோயாளிகளைப் பார்த்து முடித்தபிறகுதான் வரவேற்பறைப் பெண்ணிடம் சொன்னார். அடிக்கடி வந்து தொல்லை கொடுப்பவர் அந்தப் பெண், அவர் உட்காரும் இடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று வந்த போலீஸ்காரரிடம் வேடிக்கையும் பேசினார்.

இதைப் படிக்கிறபோது குரூரம்தான் கண்ணில் படும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து அவர் செய்யும் எழுத்து வேலை. 1998 மே மாதம் 73 வயதுப் பெண் ஒருவரைக் கொன்ற அன்று, மருத்துவமனைக்குத் திரும்பி கணினியில் அவருடைய கோப்பைத் திறந்து, பல மாதங்களுக்கு முந்தைய தேதியிட்டு ‘நெஞ்சுவலி’ என்று சேர்த்தார். இதயநோய் இருந்தவர் இறந்ததில் வியப்பென்ன? ஒவ்வொரு பதிவும் உண்மையில் எந்த நாள், எந்த நிமிடம் செய்யப்பட்டது என்பதை அந்த மென்பொருள் தனியே குறித்துவைத்தது அவருக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் அவர் வாயடைத்துப்போன இடம் அது.

கணினி பிறகு வந்தது. அதுவரை காகிதம் அவரைக் காட்டிக்கொடுக்கவே இல்லை, ஏனென்றால் காகிதம் முழுவதும் அவர் கையில் இருந்தது. அன்றைய முறை இப்படி: நோயாளியைக் கவனித்துவந்த மருத்துவர் இறப்புக்குக் காரணம் எழுதுவார், குடும்பத்தார் அதைப் பதிவாளரிடம் கொண்டுபோவார்கள், பதிவாளர் பதிந்துகொள்வார். மருத்துவர் தாமாக மரண விசாரணை அதிகாரிக்குச் சொன்னால்தான் பிரேதப் பரிசோதனை பற்றிய பேச்சே எழும். சந்தேகப்பட வேண்டிய சாவா இல்லையா என்று முடிவு செய்கிறவரும் அதே மருத்துவர். புதைப்பதற்கு இவ்வளவு போதும்.

எரிப்பதென்றால் கூடுதல் காவல் இருந்தது. உடல் சாம்பலாகிவிட்டால் சாட்சியமும் போய்விடும் என்ற எச்சரிக்கையில் 1900களின் தொடக்கத்திலேயே செய்த ஏற்பாடு. முதல் மருத்துவர் ‘பி’ படிவம் நிரப்புவார். அவரோடு தொடர்பில்லாத இரண்டாவது மருத்துவர் உடலைப் பார்த்து, முதலாமவரிடம் பேசி ‘சி’ படிவத்தில் கையெழுத்திடுவார். மயானத்தின் மருத்துவ நடுவர் இரண்டையும் பார்த்து அனுமதி தருவார். ஏட்டளவில் மூன்று பூட்டு. நடைமுறையில் இரண்டாம் மருத்துவர் பேசுவது முதலாம் மருத்துவரிடம் மட்டுமே. குடும்பத்தாரை, கடைசியாகப் பார்த்தவரை, பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையெழுத்துக்குக் கட்டணம் உண்டு. மருத்துவர்கள் அதைத் தங்களுக்குள் ‘சாம்பல் காசு’ என்று கேலியாகச் சொல்வார்கள். ஷிப்மனின் கடைசி ஆண்டுகளில் எதிர்ப்புறத்தில் இருந்த புரூக் மருத்துவமனையினர் அவருக்காக வரிசையாக ‘சி’ படிவங்களில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அனுபவமுள்ள சக மருத்துவர் சொல்வதை நம்பினார்கள், அவ்வளவே.

சந்தேகம் வந்தது யாருக்கு என்று பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. ஊரில் ஒரு டாக்சி ஓட்டுநர். வயதான பெண்களைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றிச் செல்பவர். நேற்றுவரை நன்றாக இருந்த சவாரிக்காரர்கள் திடீரென்று இறந்துபோவதைக் கண்டு பெயர்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே டாக்டர். பட்டியல் இருபதைத் தாண்டியது. மரியாதைக்குரிய மருத்துவரைப் பற்றி ஒரு டாக்சிக்காரர் சொன்னால் யார் நம்புவார்கள் என்று பல ஆண்டு வாயைத் திறக்கவில்லை. இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்திய குடும்பமும் கவனித்தது: இந்த மருத்துவரின் நோயாளிகள் படுக்கையில் இறப்பதில்லை, உடுத்தியபடி நாற்காலியில் இறக்கிறார்கள், வீட்டில் நோயின் அடையாளமே இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் நேரே ஷிப்மனிடம் போய்க் கேட்டார். பதற்றமே இல்லாமல் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார் ஷிப்மன். பெரியவரின் மகளுக்கு மனம் ஆறவில்லை. புரூக் மருத்துவரிடம் சொன்னார்.

பிணத்தைத் தொட்டவர்களுக்கும் உயிரோடு பார்த்தவர்களுக்கும் தெரிந்த உண்மை, தாளை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் பட்டம் இல்லை. போய்ச் சொல்ல ஒரு வாசலும் இல்லை.

புரூக் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருந்த லிண்டா ரெனால்ட்ஸ் கணக்குப் பார்த்தார். தங்களிடம் பதிவுசெய்தவர்கள் ஷிப்மனுடையதைப் போல மூன்று மடங்கு. மூன்று மாதங்களில் தங்கள் நோயாளிகள் 14 பேர் இறந்திருந்தார்கள். ஷிப்மனின் நோயாளிகள் 16 பேர். 1998 மார்ச் மாதம் மரண விசாரணை அதிகாரி ஜான் பொலார்டிடம் புகார் செய்தார். தன் ஊகம் தவறானால் ஒரு சக மருத்துவரின் பெயரைக் கெடுத்த பழி தன் தலையில் விழும் என்று தெரிந்தேதான் செய்தார். இந்தக் கதையில் மருத்துவத் தொழிலின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று ஒருவரைச் சொல்வதென்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும்.

புகார் ஒரு இன்ஸ்பெக்டர் கைக்குப் போனது. பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்த சான்றிதழ் நகல்களே முழுமையாக இல்லை. சுகாதார ஆணையத்தின் மருத்துவர் ஒருவர் சில கோப்புகளைப் புரட்டி, வித்தியாசமாக எதுவும் இல்லை என்றார். கோப்புகளை எழுதியவர் யார் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். ஷிப்மனுக்கு முன்பு தண்டனை ஏதும் உண்டா என்று போலீஸ் தன் பதிவுகளிலேயே பார்க்கவில்லை. மருத்துவ கவுன்சிலையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1976இன் போதை மருந்து வழக்கு எதிரே வந்து நின்றிருக்கும். ஏப்ரல் 17 அன்று விசாரணை மூடப்பட்டது. அதன்பிறகு மே மாதம் ஒருவர், ஜூனில் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த மூன்றாமவர்தான் கிரண்டி.

1999 அக்டோபரில் பிரெஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கியது. எடுத்துக்கொள்ளப்பட்ட 15 கொலைகளில் ஒன்பது பேர் புதைக்கப்பட்டவர்கள், ஆறு பேர் எரிக்கப்பட்டவர்கள். டையமார்ஃபின் விட்டுச்செல்லும் மார்ஃபின், புதைத்த உடலில் நெடுங்காலம் தங்கும். ஒரு மருத்துவர் இதை எப்படி மறந்தார் என்பது புதிர். 2000 ஜனவரி 31 அன்று 15 கொலைகளுக்கும் ஆயுள் தண்டனை, உயில் மோசடிக்கு நான்கு ஆண்டு. பதினோரு நாள் கழித்துத்தான் மருத்துவ கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

மற்ற நூற்றுக்கணக்கான சாவுகளை நீதிமன்றம் தொடவில்லை. அந்த வேலையைச் செய்தது ஜேனட் ஸ்மித் ஆணையம். 2002இல் வந்த முதல் அறிக்கை 215 பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: 171 பெண்கள், 44 ஆண்கள். மூத்தவருக்கு 93 வயது, இளையவருக்கு 41. மேலும் 45 பேர் விஷயத்தில் வலுவான சந்தேகம். பேராசிரியர் ரிச்சர்ட் பேக்கர் தனியாக நடத்திய தணிக்கையில் கிடைத்த ஒரு வரைபடம் ஆயிரம் பக்கச் சாட்சியத்துக்குச் சமம். மற்ற மருத்துவர்களின் நோயாளிகள் இரவு பகல் என்று எல்லா மணி நேரத்திலும் பரவலாக இறந்தார்கள். ஷிப்மனின் நோயாளிகள் மதியம் இறந்தார்கள், அவர் வீடுகளுக்குப் போகும் நேரத்தில். இறப்பின்போது ஷிப்மன் உடனிருந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று; மற்ற மருத்துவர்களுக்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. இறப்பு எண்ணிக்கையை மருத்துவர் வாரியாக யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் 1980களின் நடுப்பகுதியிலேயே அபாயமணி அடித்திருக்கும் என்று புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் காட்டினார். எண்கள் இருந்தன. கூட்டத்தான் ஆள் இல்லை.

ஏன் கொன்றார்? தாய்க்கு மார்ஃபின் ஊசி போட வந்த மருத்துவரைச் சிறுவயதில் பார்த்ததில் தொடங்கி எத்தனையோ விளக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. ஷிப்மன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2004 ஜனவரி 13 அன்று வேக்ஃபீல்டு சிறையில் தூக்கில் தொங்கினார். ஆணையமும் காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்லவில்லை. இந்தக் கேள்வியில் நாம் காட்டும் ஆர்வம் கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். கொலைகாரரின் மனத்தைத் தோண்டுகிற வேகத்தில், அவருக்கு ஏறத்தாழ 27 ஆண்டு வழிவிட்ட நடைமுறையை மறந்துவிடுகிறோம்.

அந்த நடைமுறை ஓட்டை என்பது ஷிப்மன் காலத்துக்கு முன்பே தெரிந்ததுதான். ஈஸ்ட்போர்னில் மருத்துவம் பார்த்த ஜான் போட்கின் ஆடம்ஸுக்கு நோயாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிலில் ஏதாவது எழுதிவைத்திருந்தார்கள். 1957இல் கொலை வழக்கில் விடுதலையானார். ஆனால் தகனப் படிவங்களில் பொய் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டார். 1971இல் பிராட்ரிக் குழு இறப்புச் சான்றளிக்கும் முறையை மாற்றச் சொன்னது. அந்த அறிக்கை தூசி படிந்து கிடந்தது.

ஷிப்மனுக்குப் பின் சீர்திருத்தங்கள் வரிசையாக வந்தன. போதை மருந்துகளுக்குப் பொறுப்பதிகாரிகள் வந்தார்கள். மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியை மறுபடி உறுதிசெய்யும் முறை 2012இல் தொடங்கியது. ஒற்றை மருத்துவர் நடத்தும் மருத்துவமனைகளைக் கண்டாலே அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அப்படி நேர்மையாக உழைத்த பலருக்கு இது அநியாயம். டையமார்ஃபினைப் பையில் வைக்கவே பல மருத்துவர்கள் தயங்கினார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வலியில் கிடந்த நோயாளிகள். மருந்துக் கணக்கைத் தவிர இவற்றில் எதுவும் ஷிப்மனைப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. படிப்பறிவும் நல்ல பெயரும் நிறைந்த மருத்துவர் அவர். தகுதிச் சோதனை வைத்திருந்தால் முதல் ஆளாகத் தேறியிருப்பார்.

அவரைப் பிடித்திருக்கக்கூடிய மாற்றத்தை ஜேனட் ஸ்மித் 2003இலேயே வற்புறுத்தினார்: இறப்புக்கான காரணத்தை சான்றளிக்கும் மருத்துவரோடு தொடர்பில்லாத ஒருவர் பார்க்க வேண்டும், குடும்பத்தாரிடம் பேச வேண்டும். சட்டம் 2009இல் வந்தது. நடைமுறைக்கு வரவில்லை. செலவு யார் தலையில், அதிகாரம் யார் கையில் என்று ஆண்டுகள் ஓடின. இப்படித் தொடர்பில்லாத மருத்துவ ஆய்வாளர் பார்க்காமல், மரண விசாரணை அதிகாரிக்கும் போகாமல், எந்த இறப்பையும் பதியக் கூடாது என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயமானது 2024 செப்டம்பர் 9 அன்றுதான். ஷிப்மன் தண்டிக்கப்பட்டு 24 ஆண்டுகள் கழித்து.